லத்தீனில் ‘பக்கத்தில்’: ஒட்டியா, தள்ளியா, எல்லைக்கு அப்பாலா?

லத்தீன் படிக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே ‘ப்ரொப்பெ’ என்ற சொல் வந்துவிடும். ‘அருகில்’ என்று ஏட்டில் எழுதி வைத்துக்கொள்வோம். பிறகு சீசரின் காலியப் போர்க் குறிப்புகளைத் திறந்தால் முதல் அத்தியாயத்தில் ‘ப்ரொக்ஸிமுஸ்’, இரண்டாவதில் ‘ஃபீனித்திமுஸ்’, ஆறாம் புத்தகத்தில் ‘கொன்ஃபீனிஸ்’. கவிஞர் ஓவிடிடம் போனால் ‘கொன்திகுவுஸ்’, ‘கொன்தெர்மினுஸ்’. கேட்டோவிடம் ‘வீக்கீனுஸ்’. அகராதி இவை எல்லாவற்றுக்கும் அருகிலுள்ள, அண்டை, அடுத்த என்று அதே மூன்று சொற்களைத் திருப்பித் திருப்பிப் போடும். வாசித்துக் கடக்க அது போதும். லத்தீனில் ஒரு வாக்கியம் எழுதவோ, ஒரு பழைய ஆவணத்தைப் பிழையில்லாமல் மொழிபெயர்க்கவோ போதாது.

காரணம், இவை ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்பவை. எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு ப்ரொப்பெ. நடுவில் இடைவெளி இருக்கிறதா என்பதற்குக் கொன்திகுவுஸ். நடுவில் ஓடும் கோடு இருவருக்கும் பொதுவா என்பதற்குக் கொன்ஃபீனிஸ். சேர்ந்து குடியிருக்கிறார்களா என்பதற்கு வீக்கீனுஸ். கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதற்குக் ‘கிஸ்’, ‘த்ரான்ஸ்’. கேள்வி எது என்று பிடிபட்டால் சொல் தானாக வந்து விழும்.

(எழுத்துப்பெயர்ப்பு பற்றி ஒரு வரி: இங்கே செவ்வியல் உச்சரிப்பையே பின்பற்றுகிறேன். லத்தீனில் ‘சி’ எழுத்து எப்போதும் ககர ஒலிதான். ஆங்கிலத்தில் ‘விசினிட்டி’ என்று தெரிந்த சொல்லின் மூலம்தான் இந்த வீக்கீனுஸ்.)

முதலில் வேற்றுமை. தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. தமிழில் ‘நகரத்துக்கு அருகில்’ என்கிறோம், நான்காம் வேற்றுமை. அதே பழக்கத்தில் ‘ப்ரொப்பெ உர்பீ’ என்று எழுதக் கை போகும். தவறு. ப்ரொப்பெ இரண்டாம் வேற்றுமையைத்தான் கேட்கும்: ‘ப்ரொப்பெ உர்பெம்’. ‘நகரத்துக்கு அருகில்’ என்று மனத்தில் சொல்லாமல் ‘நகரத்தை ஒட்டி’ என்று சொல்லிப் பழகினால் இந்தத் தவறு வராது. ‘யுக்ஸ்தா’, ‘அத்’, ‘அப்புத்’, ‘ப்ரொப்தெர்’, ‘ஸெக்குன்தும்’, ‘கிர்க்கா’, ‘கிஸ்’, ‘த்ரான்ஸ்’ என இந்த முன்னிடைச்சொற்கள் எல்லாம் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. ‘யுக்ஸ்தா வியம்’ என்றால் சாலையை ஒட்டி. உருபுக்கு உருபு பொருந்துகிறது.

பெயரடைகள் எதிர்க்கட்சி. ப்ரொக்ஸிமுஸ், வீக்கீனுஸ், ஃபீனித்திமுஸ், கொன்ஃபீனிஸ், கொன்தெர்மினுஸ், கொன்திகுவுஸ் எல்லாம் நான்காம் வேற்றுமையை எடுக்கும். இங்கே தமிழ்க் காது சரியாகவே வழிகாட்டும்: ‘ஜெர்மானியருக்கு மிக அருகில் இருப்பவர்கள்’ என்பதைச் சீசர் ‘ப்ரொக்ஸிமீ ஸுன்த் கெர்மானீஸ்’ என்று எழுதுகிறார். ஆனால் உரைகளைப் படித்து மட்டும் இந்த விதியைக் கற்றுக்கொள்ள முடியாதபடி ஒரு சிக்கல் உண்டு. லத்தீன் பன்மையில் நான்காம் வேற்றுமையும் நீங்கல் வேற்றுமையும் ஒரே வடிவம். ஜெனீவாவைப் பற்றி ‘ப்ரொக்ஸிமும் ஹெல்வேத்தியோரும் ஃபீனிபுஸ்’ என்கிறார். ஹெல்வேத்தியர் என்னும் இனக்குழுவின் நிலப்பரப்புக்கு மிக அருகிலுள்ள ஊர் என்று பொருள். இந்த ‘ஃபீனிபுஸ்’ எந்த வேற்றுமை என்று வடிவத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வர்ஜிலின் ‘வீக்கீனா க்ரெமோனை’யைப் பார்த்தால் அங்கே இன்னொரு சிக்கல்: அந்தச் சொல்லில் ஆறாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் ஒன்றுபோலவே இருக்கும். ஐயமில்லாத சான்று வேண்டுமென்றால் ஓவிடிடம் போக வேண்டும். குளிர்ந்த ஊற்றை அடுத்து நிற்கும் முசுக்கொட்டை மரத்தை அவர் ‘கெலிதோ கொன்தெர்மினா ஃபொன்தீ’ என்கிறார். ‘ஃபொன்தீ’ நான்காம் வேற்றுமையைத் தவிர வேறொன்றாக இருக்க முடியாது. மனப்பாடம் செய்ய ஒரே ஒரு எடுத்துக்காட்டு என்றால் இதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘இன்னும் அருகில்’ என்று ஒப்பிடும்போது மேலும் ஒரு குழப்பம். வினையடையான ‘ப்ரொப்பியுஸ்’ தன் தாய்ச்சொல்லைப் போலவே இரண்டாம் வேற்றுமையோடு நிற்கும். தங்களுக்கு இன்னும் அருகில் பாசறையைக் கொண்டுவர வேண்டாம் என்று தூதர்கள் சீசரிடம் கேட்கும் இடத்தில் ‘ப்ரொப்பியுஸ் ஸே’ என்றுதான் இருக்கிறது. பெயரடையான ‘ப்ரொப்பியொர்’ பெரும்பாலும் நான்காம் வேற்றுமையை எடுக்கும், சில வேளை இரண்டாவதையும் ஏற்கும். எழுதும்போது நான்காவதையே போடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தூரத்தை அளந்து சொல்ல வேண்டும் என்றால் ‘அப்’ அல்லது ‘ஆ’ சேர்த்து நீங்கல் வேற்றுமை. ஜெர்மானிய அரசன் அரியோவிஸ்துஸ் சீசரின் பாசறையிலிருந்து 6 மைல் தொலைவில் மலையடியில் தங்கினான் என்பது ‘மீலிபுஸ் பஸ்ஸுவும் ஸெக்ஸ் ஆ கைஸரிஸ் காஸ்த்ரீஸ் ஸுப் மொன்தே’. ரோமானிய மைல் 1000 பஸ்ஸுஸ். ஒரு பஸ்ஸுஸ் 5 அடி. ரோமானிய அடி சுமார் 29.6 செ.மீ. ஆக மைல் ஏறத்தாழ 1480 மீட்டர், 6 மைல் கிட்டத்தட்ட 9 கி.மீ. இந்த வாக்கியத்தில் ‘ஸுப்’ என்ற சிறு சொல்லையும் கவனியுங்கள். ‘மலைக்குக் கீழே’ என்று மொழிபெயர்த்தால் குகைக்குள் போய்விடும். உயரமான ஒன்றின் காலடியில், அதன் நிழல் விழும் தூரத்தில் என்ற அருகாமைக்கு லத்தீன் ஸுப் போடும். மதில் அடியில் வந்து நிற்கும் படையும் ‘ஸுப் மூரோ’தான்.

ப்ரொப்பெவுக்கு இன்னொரு முகம் உண்டு. இடத்தை விட்டு எண்ணிக்கைக்கும் நிலைக்கும் போனால் அது ‘ஏறக்குறைய’ என்று பொருள்படும். தமிழில் ‘கிட்ட’ என்பதிலிருந்து ‘கிட்டத்தட்ட’ வந்த அதே வழி. ‘பைனெ’ என்ற சொல் இந்த ‘கிட்டத்தட்ட’ வேலையை மட்டுமே செய்யும், இடத்தைக் குறிக்காது. ‘பைனெ’யுடன் தீவைக் குறிக்கும் ‘இன்ஸுலா’ சேர்ந்து ‘பைனீன்ஸுலா’, கிட்டத்தட்டத் தீவு, அதாவது தீபகற்பம். தமிழ்க் ‘கிட்ட’ செய்யும் மூன்றாவது வேலை ஒன்றும் இருக்கிறது: ‘என்கிட்ட இருக்கு’ என்ற உடைமை. அதற்கு லத்தீனில் ‘பெனேஸ்’ என்று தனிச் சொல். ஒரு பொருளோ அதிகாரமோ யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்ல வரும். ஊர், ஆறு பக்கம் போகாது. ‘அப்புத்’ இரண்டுக்கும் நடுவில்: ‘அப்புத் மே’ என்றால் என் வீட்டில், என்னிடத்தில், ‘அப்புத் கிக்கெரோனெம்’ என்றால் சிசரோவின் எழுத்தில், ‘அப்புத் கன்னாஸ்’ என்றால் கன்னை ஊர்ப்பக்கம், கி.மு. 216இல் ஹன்னிபால் ரோமானியப் படையை நசுக்கிய இடத்தில்.

ஊர்ப்பெயர்களில் ஒரு நுட்பம் உண்டு. பாடப்புத்தகங்கள் இதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடும். ஊர்ப்பெயருக்கு முன் முன்னிடைச்சொல் வேண்டாம்: ‘ரோமம்’ என்றாலே ரோமுக்கு. அப்படியிருக்க யாராவது ‘அத்’ போட்டிருந்தால் அது கை தவறி விழுந்ததில்லை. ஊருக்குள் போகாமல் ஊர்ப்புறம் வரை என்று பொருள். ஹெல்வேத்தியர் புறப்படப்போகும் செய்தி கேட்டுச் சீசர் விரைந்து வந்தது ‘அத் கெனாவம்’, ஜெனீவாப் பக்கம். அதேபோல் ஊர்ப்பெயரோடு ‘அப்’ சேர்ந்தால் ஊரின் சுற்றுப்புறத்திலிருந்து. இரண்டெழுத்துச் சொல்தான், விட்டுவிட்டால் படை மதிலுக்கு உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்பதே மாறிப்போகும்.

இனி வீக்கீனுஸ். ‘வீக்குஸ்’ என்பது சிற்றூர், நகரத்துக்குள் என்றால் தெரு அல்லது பேட்டை. கி.மு. 7இல் அகஸ்டஸ் ரோம் நகரை 14 வட்டாரங்களாகவும் அவற்றுக்குள் பல வீக்குஸ்களாகவும் பிரித்தார். ஒரே வீக்குஸில் இருப்பவர் வீக்கீனுஸ். ஆகவே இதன் அடிப்படை குடியிருப்பு, பழக்கம், முகம் தெரிதல். கேட்டோ தன் வேளாண்மை நூலில் ‘வீக்கீனீஸ் பொனுஸ் எஸ்தோ’, அண்டை வீட்டாரிடம் நல்லவனாக இரு என்கிறார். பின்னாலேயே கணக்கும் சொல்லிவிடுகிறார்: அக்கம்பக்கத்தாருக்கு உன்னைப் பிடித்திருந்தால் விளைச்சலை எளிதாக விற்கலாம், கூலிக்கு ஆள் எளிதாகக் கிடைக்கும், வீடு கட்டும்போது உழைப்பும் மாடும் மரமும் கொடுத்து உதவுவார்கள். உபதேசத்தை விட வியாபாரம் தூக்கலாகத் தெரிகிற இடம் இது. அதுதான் கேட்டோ.

வீக்கீனுஸ் என்றால் ஒட்டியே இருக்க வேண்டும் என்பதில்லை. வர்ஜிலின் ஒன்பதாம் ஆயர் பாடலில் மான்டுவா நகருக்காக ஒரு புலம்பல் வரும்: பாவப்பட்ட க்ரெமோனாவுக்கு ‘நிமியும் வீக்கீனா’, அளவுக்கு மீறிப் பக்கத்தில் இருக்கிறாயே என்று. இரண்டு ஊர்களுக்கும் நடுவே சுமார் 60 கி.மீ. கி.மு. 42இல் பிலிப்பி போர் முடிந்து படைவீரர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தபோது க்ரெமோனாவின் நிலம் போதாமல் மான்டுவாவின் நிலத்திலும் கை வைத்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே குற்றமாகிப் போனது. இங்கே ‘கொன்திகுவா’ என்று போட்டிருந்தால் பொய்யாகியிருக்கும்.

கொன்திகுவுஸ் வேண்டுமானால் தொட வேண்டும். தொடுதலைக் குறிக்கும் ‘தங்கெரெ’யோடு ‘உடன்’ என்னும் ‘கொன்’ சேர்ந்தது. ஓவிடின் பிராமுஸ், திஸ்பே காதல் கதையில் இந்தச் சொற்குடும்பம் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். இருவர் குடியிருந்தது ‘கொன்திகுவாஸ் தொமோஸ்’, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். முதல் அறிமுகத்தை உண்டாக்கியது ‘வீக்கீனியா’, அக்கம்பக்க வாழ்க்கை. இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஒரு விரிசல். அதன் வழியாகத்தான் பேச்சு. ஊருக்கு வெளியே சந்திக்கக் குறித்த மரம் ஊற்றுக்குக் ‘கொன்தெர்மினா’. மூன்று சொல்லையும் ஒன்றன் இடத்தில் ஒன்றை வைத்துப் பாருங்கள், கதை ஓடாது. வீடுகள் வெறும் வீக்கீனுஸாக மட்டும் இருந்திருந்தால் விரிசலால் பயனில்லை. ஒரு பயன்பாட்டுக் குறிப்பு: கொன்திகுவுஸும் கொன்தெர்மினுஸும் கவிதையிலும் அகஸ்டஸ் காலத்துக்குப் பிந்தைய உரைநடையிலும் புழங்குபவை. சிசரோ பாணியில் உரைநடை எழுதிப் பழகுகிறவர் இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

எல்லை என்ற சொல்லைக் கருவாகக் கொண்டவை அடுத்த கூட்டம். ‘ஃபீனிஸ்’ ஒருமையில் எல்லை, முடிவு. பன்மையில் ‘ஃபீனேஸ்’ என்றால் எல்லைகளுக்கு உட்பட்ட நிலப்பரப்பு, நாடு. இந்த ஒருமை பன்மை வேறுபாட்டைக் கவனிக்காமல் ‘ஹெல்வேத்தியரின் எல்லைகளை எரித்தான்’ போன்ற விநோத வாக்கியங்களை மொழிபெயர்ப்புகளில் பார்க்கலாம். எரிந்தது எல்லைக்கோடு இல்லை, நிலம். ஃபீனிஸிலிருந்து வந்த ஃபீனித்திமுஸ் பெரும்பாலும் அண்டை நாட்டவருக்கும் இனக்குழுக்களுக்கும் வரும். வீக்கீனுஸ் வீட்டுக்கும் ஊருக்கும் வரும். இது இரும்புச் சட்டம் அல்ல, எழுத்தாளர்கள் வேலி தாண்டத்தான் செய்கிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை ‘ஃபீனித்திமுஸ்’ என்றால் இரண்டு வீடும் இரண்டு அரசு போலத் தோன்றும்.

ஃபீனித்திமுஸும் ப்ரொப்பெவும் எப்படி விலகி நிற்கின்றன என்பதற்குச் சீசரின் ஆறாம் புத்தகத்தில் அருமையான சான்று இருக்கிறது. ஜெர்மானியக் குழுக்கள் தங்களைச் சுற்றி எவ்வளவு அகலமாக நிலத்தைப் பாழாக்கி வைத்திருக்கிறார்களோ அவ்வளவு பெருமை கொள்வார்களாம். ஃபீனித்திமுஸ்கள் நிலத்தை விட்டு விரட்டப்பட்டுப் போவதும், யாரும் ‘ப்ரொப்பெ’ குடியேறத் துணியாததும் வீரத்தின் அடையாளம். ஒரே வாக்கியத்தில் இரண்டு சொல்லும்: ஒன்று எல்லையைப் பகிர்ந்தவர்கள், மற்றது வெறும் தூரம். நான்காம் புத்தகத்தில் சுவெபியர் என்னும் ஜெர்மானியக் குழுவுக்கு ஒரு பக்கம் ‘கிர்கித்தெர்’ 600 மைல் வெறும் நிலம் கிடப்பதாகச் சொல்லப்படுகிறது என்கிறார். கணக்குப் பார்த்தால் 890 கி.மீ. நெருங்கும். கிர்கித்தெர் என்றால் சுமார். ‘சொல்லப்படுகிறது’ என்று வினையையும் செயப்பாட்டில் வைத்துப் பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்கிறார். அந்த எண்ணை அந்த அளவுக்கு மட்டும் நம்பலாம்.

கொன்ஃபீனிஸ் இன்னும் இறுக்கமானது: கோடு ஒன்று, அதன் இரு பக்கமும் இருவர். பாரீஸ் நகருக்குப் பெயர் கொடுத்த பாரிஸியர் ஸெனோனியருக்குக் ‘கொன்ஃபீனேஸ்’ என்று சீசர் எழுதுகிறார். இதன் பெயர்ச்சொல் ‘கொன்ஃபீனியும்’, இரண்டு நிலங்கள் சந்திக்கும் பட்டை. பட்டை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ரோமின் பழைய பன்னிரு பலகைச் சட்டத்தின்படி இரு வயல்களுக்கு நடுவே 5 அடி விட வேண்டும். அந்த 5 அடியை எவ்வளவு காலம் அனுபவித்தாலும் யாரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. ஏர் திரும்பவும் ஆள் நடக்கவும் அந்த இடம் தேவை. இன்றைய அளவில் சுமார் 148 செ.மீ. கட்டடத்தைச் சுற்றி விட வேண்டியது இரண்டரை அடி, அதாவது 74 செ.மீ.; அதற்குப் பெயர் ‘அம்பித்துஸ்’. ஆகவே ரோமானியச் சட்டத்தின் கண்ணில் கொன்ஃபீனிஸ் வயல்கள் உண்மையில் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே யாருக்கும் சொந்தமாகாத 5 அடி படுத்திருக்கிறது. எல்லைத் தகராறு வந்தால் அதற்கென்றே ‘ஆக்தியோ ஃபீனியும் ரெகுன்தோரும்’ என்ற வழக்கு.

கொன்தெர்மினுஸில் இருக்கும் ‘தெர்மினுஸ்’ எல்லைக்கல். அதே பெயரில் ஒரு கடவுளும் உண்டு. பிப்ரவரி 23 அவருக்கான நாள். கல்லுக்கு இருபுறத்து நிலக்காரர்களும் அவரவர் பக்கத்திலிருந்து மாலை சூட்டுவார்கள். கல் நடும்போது குழிக்குள் பலி கொடுத்து எரித்து, அந்தச் சாம்பலும் கரியும் மேல் கல்லை நிறுத்துவது வழக்கம் என்று நில அளவையாளர்களின் நூல்கள் சொல்கின்றன. பக்திக்கு மட்டுமில்லை, சாட்சிக்கும் அது உதவியது. கரி மண்ணில் மட்காது. பின்னாளில் யாராவது கல்லை இரவோடு இரவாக நகர்த்தி நட்டாலும், தோண்டிப் பார்த்தால் அடியில் கரி இல்லாதது காட்டிக்கொடுத்துவிடும்.

‘லீமெஸ்’ என்ற சொல்லையும் இங்கேயே முடித்துவிடலாம். பேரரசின் எல்லை அரண் என்ற பொருளில்தான் இன்று அது தெரியும். தொடக்கத்தில் அது வயல்களைப் பிரிக்கும் வரப்புப் பாதை. அளவையாளர்கள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும்போது ஓடும் பாதைகள் எல்லாம் லீமெஸ்தான். கிழக்கு மேற்காக ஓடும் முதன்மையான தெக்குமானுஸ் 40 அடி, வடக்கு தெற்காக ஓடும் முதன்மையான கார்தோ 20 அடி அகலம். வரப்பு நாட்டு எல்லையானது பிற்பாடு.

‘கொன்தினென்ஸ்’ சற்று வேறு குணம். ‘சேர்த்துப் பிடித்திருக்கும்’ என்று பொருள், இடையறாமல் தொடர்வது. இடையறாத நிலம் ‘தெர்ரா கொன்தினென்ஸ்’, அதிலிருந்துதான் கண்டத்துக்கான ஐரோப்பியச் சொல். ஆளைப் பற்றிச் சொன்னால் தன்னடக்கம் உள்ளவர் என்று அர்த்தம் மாறிவிடும், கவனம். சட்டத்தில் இந்தச் சொல் பெரிய வேலை செய்தது. மதிலுக்கு உட்பட்டது ‘உர்ப்ஸ்’. ‘ரோமா’ என்றால் மதிலைத் தாண்டி வீடுகள் இடைவெளியின்றித் தொடரும் இடம் வரை. தொடர்ச்சி எங்கே அறுகிறதோ அங்கே ரோம் முடிந்தது. ஹெராக்லியா வெண்கலப் பலகையில் உள்ள சட்டம், எந்தச் சாலைகளைப் பராமரிக்க வேண்டும் என்பதை இப்படி வரையறுக்கிறது: ரோம் நகருக்குள் உள்ளவை, அல்லது ரோமுக்கு 1000 பஸ்ஸுஸை விட அருகில், குடியிருப்பு தொடர்ந்து இருக்கும் இடங்களில் உள்ளவை. தூரத்துக்கு ‘ப்ரொப்பியுஸ்’, தொடர்ச்சிக்குக் ‘கொன்தினென்தே’. ஒன்றை மட்டும் போட்டிருந்தால் வெட்டவெளிச் சாலைகளும் கணக்கில் வந்திருக்கும், அல்லது வீடுகள் நீளும் தூரம் வரை பொறுப்பும் நீண்டிருக்கும். சட்டம் எழுதியவருக்கு வேறுபாடு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

முன்னிடைச்சொற்களில் பொருள் நழுவிய இரண்டைக் குறித்து எச்சரிக்கை. ‘ப்ரொப்தெர்’ என்பதற்கு ‘காரணமாக’ என்று எல்லாரும் படித்திருப்போம். அது ப்ரொப்பெவின் உடன்பிறப்பு. பழைய பொருள் ‘அருகில்’. சிசரோ தம் நண்பர்களோடு புல்வெளியில் பிளேட்டோவின் சிலை ‘ப்ரொப்தெர்’ உட்கார்ந்தோம் என்கிறார். சிலையின் காரணமாக உட்காரவில்லை, அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அருகாமை எப்படிக் காரணமாக மாறும் என்று வியக்கத் தேவையில்லை. ‘சாலையை ஒட்டி வீடு’ என்கிறோம், ‘தேர்தலை ஒட்டி விடுமுறை’ என்றும் சொல்கிறோம், அதே நகர்வுதான். ‘ஸெக்குன்தும்’ பின்தொடர்வதிலிருந்து வந்தது: ‘ஸெக்குன்தும் ஃப்லூமென்’ என்றால் ஆற்றங்கரை நெடுக. அதுவே ‘சட்டத்தின்படி’ என்பதிலுள்ள ‘படி’யாகவும் ஆனது. யுக்ஸ்தாவும் பிற்காலத்தில் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. ஆகவே பிற்கால உரையில் யுக்ஸ்தா வந்தால், பின்னால் வருவது இடமா கருத்தா என்று முதலில் பாருங்கள்.

கிஸ், த்ரான்ஸ், கித்ரா, உல்த்ரா பற்றி நீட்ட வேண்டியதில்லை. இப்புறம், அப்புறம். நிற்கும் இடம் ரோம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது: ஆல்ப்ஸ் மலைக்கு இப்புறம் என்றால் இத்தாலியப் பக்கம். கி.மு. 197இல் ஸ்பெயினை இரண்டு மாகாணமாக்கியபோது ரோமிலிருந்து பார்க்க அருகில் இருந்தது ‘கித்தெரியொர்’, தள்ளி இருந்தது ‘உல்தெரியொர்’.

அருகாமை உறவாகவும் பகையாகவும் மாறுவது தனிச் சுவை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்கள் ‘ரீவாலிஸ்’கள், ‘ரீவுஸ்’ என்றால் ஓடை. தண்ணீர்ப் பங்கீட்டில் இவர்களுக்குள் வரும் சண்டை ரோமானியச் சட்டத் தொகுப்பிலேயே பேசப்படுகிறது. போட்டியாளரைக் குறிக்கும் ஆங்கில ‘ரைவல்’ அங்கிருந்து வந்தது. நில எல்லையைப் பகிர்ந்தவன் ‘அத்ஃபீனிஸ்’. உச்சரிப்பில் ‘அஃபீனிஸ்’ ஆகி, திருமணத்தால் உறவானவனுக்கும் அதே பெயர். இரத்த உறவுக்கு இது வராது, அங்கே ‘கொக்னாத்துஸ்’. ‘ப்ரொப்பின்க்வுஸ்’ பொதுவான நெருங்கிய சொந்தம். உயிரினப் பெயரிடலில் அஃபீனிஸ் இன்றும் உயிரோடு இருக்கிறது. கொசுப்புழு தின்னும் மீன் ஒன்றுக்கு ‘கம்பூசியா அஃபீனிஸ்’ என்று பெயர். மாதிரிச் சீட்டில் ‘அஃப்.’ என்ற சுருக்கம் இருந்தால், பெயர் சொல்லப்பட்ட இனத்துக்கு நெருங்கியது, ஆனால் வேறு என்று கருதப்படுவது. ‘சி.எஃப்.’ என்றிருந்தால் அதே இனமாக இருக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் கருத்தே தலைகீழாகும்.

குடியிருப்பவர்களிலும் இரு வகை: ‘இன்கொலா’ உள்ளே வாழ்பவர், ‘அக்கொலா’ ஆற்றையோ இடத்தையோ ஒட்டி வாழ்பவர். முன்னொட்டு மட்டும்தான் வேறு.

ப்ரொக்ஸிமுஸ் காலத்துக்கும் போகும். சற்றுமுன் கழிந்ததும் அதுதான், அடுத்து வருவதும் அதுதான். ‘ப்ரொக்ஸிமா நொக்தே’ நேற்றிரவா, வரும் இரவா என்பதை வினையின் காலத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். லத்தீன் விவிலியத்தில் இந்தச் சொல் இன்னொரு உயரத்துக்குப் போகிறது. லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ‘எனக்குப் பிறன் யார்’ என்ற கேள்வி ‘க்விஸ் எஸ்த் மெயுஸ் ப்ரொக்ஸிமுஸ்’. 15ஆம் அதிகாரத்தில் காணாமற்போன ஆட்டைக் கண்டுபிடித்தவன் கூப்பிடும் பக்கத்து வீட்டார் ‘வீக்கீனுஸ்’கள். தமிழ் விவிலியம் ஒன்றைப் ‘பிறன்’ என்றும் மற்றதை ‘அயலகத்தார்’ என்றும் பிரித்திருப்பது சரியான காது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

லத்தீனின் பிள்ளைமொழிகளில் இவை இடம் மாறிவிட்டன. பிரெஞ்சு ‘வுவாசேன்’, ஸ்பானிய ‘வெசீனோ’ இரண்டும் பக்கத்து வீட்டார். இத்தாலிய ‘விச்சீனோ’ அதோடு ‘அருகில்’ என்ற பொருளையும் எடுத்துக்கொண்டது. ஸ்பானிய ‘செர்க்கா’ கிர்க்காவிலிருந்து. பழைய ப்ரொப்பெ ருமேனியத்தில் ‘அப்ரொயாப்பெ’ என்று வாழ்கிறது, கூடவே ‘கிட்டத்தட்ட’ என்ற பொருளும். இத்தாலியம் அறிந்தவர்கள் லத்தீன் எழுதும்போது வீக்கீனுஸை முன்னிடைச்சொல் போலப் போட்டுவிடுவது இதனால்தான்.

ஆவணம் வாசிப்பவர்களுக்குக் கடைசியாக. ரோமானிய நில ஆவணங்களில் நான்கெல்லை திசையைச் சொல்லி வராது, ஆளைச் சொல்லி வரும்: ‘அத்ஃபீனேஸ்’ என்று சொல்லிப் பக்கத்து நிலக்காரர் பெயர்கள். 1747இல் இத்தாலியில் கிடைத்த வெலெயா வெண்கலப் பலகை, பேரரசர் டிராஜன் காலத்தது, பண்ணை பண்ணையாக இப்படித்தான் அடுக்குகிறது. பட்டியலின் முடிவில் பெரும்பாலும் ‘எத் பொப்புலோ’ வரும். ‘மக்களும் அண்டை வீட்டார்’ என்று எழுதிவிட வேண்டாம். அந்தப் பக்கம் பொது நிலம் அல்லது பொதுச் சாலை என்று பொருள்.

இடைக்கால இங்கிலாந்தின் பத்திரங்களில் வடிவம் மாறும். நீளவாட்டின் இரு பக்கங்களும் ‘இன்தெர்’ போட்டு வரும்: இன்னார் நிலம் ஒரு பக்கம், இன்னார் நிலம் மறுபக்கம். குறுகிய முனைகளுக்குப் பெயர் ‘கப்பித்தா’, தலைகள். அவற்றுக்கு ‘அபுத்தாத் ஸுப்பெர்’ என்ற வினை; செவ்வியல் அகராதியில் தேடினால் கிடைக்காது, இடைக்கால அகராதிதான் வேண்டும். ‘யுக்ஸ்தா’ மட்டும் இருந்தால் ஒரு பக்கம்தான் சொல்லப்பட்டிருக்கிறது. மற்ற மூன்றைத் தேட அண்டை நிலத்தின் பத்திரத்தை எடுக்க வேண்டும். ஊர்ப்பெயருக்குள்ளும் யுக்ஸ்தா ஒட்டிக்கொண்டிருக்கும்: ப்ராட்வெல் யுக்ஸ்தா மாரெ என்பது கடலோர ப்ராட்வெல், ப்ராட்வெல் யுக்ஸ்தா காக்ஸ்ஹால் என்பது அதே எசெக்ஸில் வேறு ஊர். பெயரின் பின்பாதியைச் சுருக்கி எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.